இருபத்து மூன்று மீட்டர் நாற்பது

பஸ் தேவாலயத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியபோதுதான், எங்கே போகிறோம் என்பது லோர்னாவுக்கு விளங்கியது. கொடுத்திருந்த தாளில் "கடலோர அளவீடு, கம்பம் எண் 61" என்று மட்டும்தான் போட்டிருந்தது. கடல் எவ்வளவு நிலத்தைத் தின்றிருக்கிறது என்று பார்க்க மாவட்ட நிர்வாகம் இந்தக் கரை நெடுக நட்டு வைத்த கம்பங்களில் அதுவும் ஒன்று. கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் களிமண் மேட்டின் மேல், அவள் அப்பா வீட்டின் பின்சுவரை ஒட்டி நிற்பது. அதற்கு ஓர் எண் உண்டென்று அவளுக்கு இதுவரை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழி ஃப்ரேயாவிடம் சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

லோர்னாவுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருஷம், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் கேரவன் பார்க்கில் விரிப்புகளைத் துவைத்து மடித்தவள். பள்ளி மதிப்பெண் சரியில்லாதவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி இருந்தது. முதலில் ஓர் அடித்தள ஆண்டு, அதில் தேறினால் அதன் பிறகு மூன்று வருஷம் இயற்கைப் புவியியல். இதை அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு மாலைப்பொழுதே ஆனது. "அப்போ இது முதல் வருஷம் இல்லையா?" என்றார் நெவில். "இல்லப்பா, அதுக்கு முந்தினது." "அப்படின்னா பூஜ்யமாவது வருஷம்னு சொல்லேன். பூஜ்யத்துக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பை?" அன்று சிரித்தாள். ஆனால் சேர்ந்த ஏழு மாதத்தில், தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனதெல்லாம் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த அலைக்கு வகுப்பில் சாய்வு, வேகம், பிழை வரம்பு என்று வேறு பெயர்கள். கணக்குத் தேர்வில் ஐம்பத்திரண்டு. தன்னைவிட ஏழு வயது சின்னவளான ஆசிரியை பிரான்வென் "நல்லா இருக்கே" என்று சொன்னபோது அது கேலியா பாராட்டா என்றுகூடப் பிடிபடவில்லை.

மஞ்சள் சட்டையும் தலைக்கவசமுமாகப் பதினோரு பேர் வேலியோரம் வரிசையாக நடந்தார்கள். நெவில் பின்கதவைத் திறந்து, கையில் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் மகளின் முகத்தில் நின்றார்.

"ஏம்மா, தலைக்கு மேல என்ன விழப்போகுதுன்னு இந்தத் தொப்பி? இங்க எல்லாம் கீழதானே விழுது."

கூடப் படிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். "உங்க அப்பாவா?" என்றாள் ஃப்ரேயா, கண்கள் விரிய. லோர்னா தலையாட்டிவிட்டு அளவு நாடாவின் ஒரு முனையைக் கம்பத்தில் பிடித்துக்கொண்டாள். மறுமுனையோடு இரண்டு பேர் மேட்டு விளிம்புக்கு ஓரெட்டு முன்னால்வரை போய் மண்டியிட்டு, நாடாவை விளிம்புவரை நீட்டினார்கள். இருபத்து மூன்று மீட்டர் நாற்பது. லோர்னா எழுதிக்கொண்டாள். அதற்கு மேலே அச்சடித்திருந்த பழைய அளவு அப்போதுதான் கண்ணில் பட்டது. போன செப்டம்பரில் இருபத்தொன்பது எண்பது. அவள் திரும்பத் திரும்பக் கழித்துப் பார்த்தாள். ஒரே குளிர்காலத்தில் ஆறு மீட்டருக்கு மேல்.

"இந்தக் கரைக்குச் சராசரி வருஷத்துக்கு ஒண்ணேமுக்கால் மீட்டர் சொச்சம்" என்று ஃப்ரேயா போனில் எண்களைத் தட்டினாள். யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னாள். "பதிமூணு வருஷம். உங்க வீட்டுக்கு இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு, மிஸ்டர் ஸ்டேதர்ஸ்."

நெவில் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "எனக்கு எழுபத்தொண்ணு. பதிமூணு தாராளம்" என்றார். முகம் அப்படி மலர்ந்து லோர்னா பார்த்து ரொம்ப நாளாயிற்று. எல்லோருக்கும் பிஸ்கட் எடுத்துவர உள்ளே போனார்.

கீழே கடற்கரை மணல் தாழ்ந்து, களிமண் மேட்டின் அடிப்பகுதி வெறுமையாகத் தெரிந்தது. போன வாரம்தான் லோர்னா படித்திருந்தாள். மணல் குறைந்த பள்ளம் ஒன்று இந்தக் கரையோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அது எங்கே நிற்கிறதோ அங்கே அலை தடுப்பில்லாமல் மண்ணை அறையும். பள்ளம் இங்கிருந்து போய்க்கொண்டிருந்தால் ஃப்ரேயாவின் பதிமூன்று சரியாகக்கூட இருக்கலாம். இப்போதுதான் வருகிறதென்றால் மூன்று குளிர்காலம், அதுவும் சந்தேகம். பிரான்வெனைத் தனியே அழைத்துக் கேட்டாள்.

"வருதா போகுதா?"

பிரான்வென் நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "உண்மையைச் சொல்லணும்னா, ஒரு நாள் பார்த்துச் சொல்ல முடியாது. ரெண்டு மூணு வருஷம் தொடர்ந்து அளக்கணும்." பிறகு முகம் தெளிந்து, "உங்க மூணாம் வருஷ ஆய்வுக்கு நல்ல தலைப்பு, லோர்னா" என்றாள்.

பஸ் கிளம்பியபோது, ஐந்து மணி ஊர்ப்பேருந்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு லோர்னா தங்கிவிட்டாள். சமையலறை மேஜையில் நெவில் மூக்குக்கண்ணாடியோடு ஒரு கடிதத்தின் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேனா. மாவட்ட நிர்வாகத்திலிருந்து வந்தது. இந்த வீட்டை விட்டு வந்தால், பதினைந்து மைல் உள்ளே, மாடியில் ஒரு குடியிருப்பு. வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டும்.

"இதை ஏன்பா சொல்லல?"

"படிக்கிற பொண்ண எதுக்குக் குழப்பணும்னுதான். இப்போ பிரச்சினை இல்ல. வேண்டாம்னு எழுதிடறேன். பதிமூணு வருஷம்னு கணக்குப் போட்டே சொல்லிட்டாங்களே."

"அந்தக் கணக்கு தப்புப்பா."

சொல்லிவிட்டாளே தவிர, தப்பு என்று தனக்கு எப்படித் தெரியும் என்று உடனே திகைத்தாள். தாளை விரித்து வைத்தாள். செப்டம்பர், இன்று, பள்ளம், தெற்கு. சொல்லச் சொல்ல, தான் பேசுவது யாரோ எழுதியதை ஒப்பிப்பது போலவும் இருந்தது.

"அப்போ எவ்ளோ வருஷம்?"

"மூணு இருக்கலாம். இல்ல, நிறையவும் இருக்கலாம்."

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"எப்போ தெரியும்?"

அவள் விரல்விட்டு எண்ணினாள். இந்த வருஷம் தேறவேண்டும். பிறகு முதல் வருஷம், இரண்டாவது, மூன்றாவது. "படிச்சு முடிக்கிறப்போ" என்றாள்.

நெவில் அவளையே பார்த்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. "அதுக்குள்ள நானே தெரிஞ்சுக்குவேனே, கண்ணு" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

"நீயா இருந்தா என்ன எழுதுவே? பாடத்துல இருக்கிறத விடு. நீ."

அவளுக்கு அழுகை வந்தது. அம்மா இறந்த அறை அடுத்தாற்போல இருந்தது. அந்த மாடிக் குடியிருப்பு எப்படி இருக்கும், அங்கே காலையில் எழுந்து அப்பா எதைப் பார்ப்பார் என்று யோசித்தாள். "போகணும்னு தோணுது" என்றாள். "ஆனா சொல்ற உரிமை எனக்கு இருக்கான்னு தெரியல."

வெளியே ஏதோ இரைச்சல் கேட்டு இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பக்கத்து வயலில் பார்லி விதைக்க டிராக்டர் வந்திருந்தது. பின்னால் கடற்புறாக்கள் கூட்டமாக எழுந்து அமர்ந்தன. விளிம்பு நோக்கி நேராகப் போன டிராக்டர் ஓரிடத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்னால் நடந்துபோய், இடுப்பில் கைவைத்துக் கீழே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து ஏறி, வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். யோசித்து, இன்னும் கொஞ்சம் எடுத்தார். பிறகு அங்கிருந்து விதைக்கத் தொடங்கினார்.