எட்டு மாத நாற்காலி

எங்கள் தீவில், மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் உள்ள பள்ளிக்கு எட்டு மாதம் நான்தான் பொறுப்பு முதல்வர். இன்று மேடையில், இருபது ஆண்டுப் பணிக்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அடுத்து, மெயின்லேண்டிலிருந்து வந்திருக்கும் புதிய முதல்வர் அருண்பிரசாத்துக்குப் பூங்கொத்து கொடுக்கச் சொன்னார்கள். சிரித்தபடி கொடுத்தேன்.

“இந்த வெக்கைக்குச் சால்வை ஏக்தம் பொருத்தம் டீச்சர்,” என்று காதருகே சொன்னாள் சக ஆசிரியை ரூபா. முதல்வர் பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தது அவளுக்குத் தெரியும்.

விழா முடிந்து, சாவிக்கொத்தை ஒப்படைக்க முதல்வர் அறைக்குப் போனேன். அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ஆறு பேருக்கு மூணு நாளா ஒண்ணுமே போடலையே. மறந்துட்டீங்களா?”

“ஹட் பே தீவுப் பசங்க சார். லீவுக்கு ஊருக்குப் போனாங்க. கடல் சரியில்லாம கப்பல் அங்கயே நிக்குது. கப்பல் வர்ற வரைக்கும் இங்க ஆப்சென்ட் போடமாட்டோம்.”

அவர் சிவப்புப் பேனாவை மூடினார். “சரி, அப்படியே இருக்கட்டும்.”

நல்ல மனிதர். கோபப்படக்கூட இடம் தரவில்லை.

சாவியை மேசைமேல் வைத்தேன். “உங்க நாற்காலில இருந்து பாத்தா ஜன்னல்ல கப்பல் தெரியும் சார். வந்ததும் வகுப்புக்குச் சொல்லி அனுப்புங்க.”

எட்டு மாதமாக நான்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.