வலது கை

முடி திருத்தும் கடையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. "இன்னிக்கு ஒரே கூட்டம் சார், இன்னொரு நாள் வாங்களேன்" என்றார் கடைக்காரர். இருபது வருடமாக என் தலையில் கை வைத்த மனிதர். நான் குடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்னால் ஒரு குரல், "தோல் யாவாரியோட அப்பாவாச்சே, நம்ம தோலு பத்திரம்பா!" என்றது. சிரித்தார்கள். நான் நடையை வேகப்படுத்தவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருவரும் காவல் நிலையப் படி மிதித்ததில்லை. நான் நீதிமன்ற எழுத்தராக முப்பத்தொரு வருடம் சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தவன். இடது கையைத் தூக்குகிறவனை அதட்டி வலது கையைத் தூக்க வைப்பேன். என் மகன் பன்னிரண்டு வருடம் காட்டு விலங்குகளைக் காப்பாற்றும் வேலையில் இருந்தான். எட்டு மாதத்துக்கு முன்பு, பறிமுதல் செய்த நீர்நாய்த் தோல்களைத் திருடி விற்றான் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். இன்னாருடைய மகன் என்று என் பெயரையும் சேர்த்துச் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அத்தனையும் நாடகம். தோல் கடத்துகிறவர்களுக்குள் வேறு பெயரில் நுழைவதற்காக, ஆள் யாரென்று பின்னால் தெரிந்துபோனாலும் அவர்கள் நம்புவதற்காக, அவனும் அவனுடைய மேலதிகாரியும் போட்ட திட்டம். ஊரில் அது எனக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்குங்கப்பா" என்றான். கடித்துக்கொண்டேன். வீட்டிலிருக்கும் தன் படங்களையெல்லாம் எரித்துவிடச் சொன்னான். ஒன்றை மட்டும் எரிக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் அவன் முழங்கால் அளவு ஆற்றுநீரில் நின்று நீர்நாய்க் குட்டி ஒன்றை விடுவிக்கிறான். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி, அதே ஆணியில் மாட்டி வைத்தேன்.

வீட்டு வாசலில் ஒருவர் காத்திருந்தார். சலவைச் சட்டை, பணிவான பேச்சு. உள்ளே வந்து உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் கேட்டார்.

"உங்க பையன் எங்ககிட்ட வேற பேர்ல இருக்காரு பெரியவரே. நேத்துதான் ஆளு யாருன்னு தெரிஞ்சுது. வேலைய விட்டுத் துரத்தினது நெசந்தானா? நெசம்னா எங்களுக்குச் சந்தோசம்."

பொய்யென்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

"அவனைத் தலைமுழுகி எட்டு மாசமாச்சு."

அவர் பார்வை சுவரில் நின்றது. எழுந்து போய்ப் படத்தைத் திருப்பினார். "தலைமுழுகினவரு படத்தை மட்டும் வச்சிருக்கீங்களே?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் வீம்பு என் மகனின் உயிரை ஓர் ஆணியில் தொங்கவிட்டிருந்தது.

"பெத்தவ அழறா. எடுத்து வீச விடமாட்டேங்கறா. அந்த மூஞ்சியை நான் பாக்கக் கூடாதுன்னுதான் திருப்பி வச்சேன்."

"சத்தியமா?"

நான் எழுந்து நின்றேன். வலது கை தானாக உயர்ந்தது.

"நான் சொல்றது சத்தியம். அவன் திருடன். என் பரம்பரைப் பேரையே வித்துத் தின்னவன். நாளைக்கே செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவ்வளவு சத்தமாக நான் அந்த வீட்டில் பேசியதே இல்லை. சொற்கள் தேடாமலே வந்தன. நாற்காலிகள் காலியாக இருந்த கடை, செய்தித்தாளில் என் பெயர், எட்டு மாதமாகக் கடித்த பல், எல்லாம் அந்தக் குரலில் இருந்தன. அதில் எவ்வளவு நடிப்பு என்று எனக்கே பிடிபடவில்லை.

அவர் படத்தை முன்பிருந்தபடியே சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். எதிர்ப்பக்கம் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசினார். ஒரு முறை சிரித்தார். பிறகு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார்.

என் மனைவி ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கையை இறக்குங்க" என்றாள்.

அது இன்னும் உயர்ந்தே இருந்தது. இறக்கப் பார்த்தேன், வரவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த மனிதர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.