சீருடைத் துணியில் சுமந்த மீன்கள்

என் நாத்தனார் என்னோடு நேராகப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் மின்நிலையம் அணைக் கதவைத் திறந்த ஒரு நாளில் அவளுடைய படகும் வலையும் அடித்துக்கொண்டு போய்விட்டன. "சைரன் அடிச்சோமே" என்று நான் சும்மா இருக்க முடியாமல் வாயை விட்டேன். அவள் ஆற்றில் மீன் பிடிப்பவள். நான் அந்த ஆற்றையே பிடித்து வைத்திருக்கும் இடத்தில் டர்பைன் ஃபிட்டர்களுக்கு ஃபோர்மேன். சண்டைக்கு இது போதாதா?

அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் என் வீட்டுக்காரர் வழியாகத்தான். அவர் தையற்காரர், பொறுமைசாலி. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, அவங்களை அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பாள். உப்பு என் கையருகே இருக்கும். அவர் என் பக்கம் திரும்பி, "உப்பு கேக்கறா" என்பார்.

கடைசியாக அப்படிச் சாப்பிட்டபோது அவள் சொன்னது உப்பைப் பற்றி அல்ல. "அண்ணா, அவங்ககிட்ட சொல்லுங்க. மழை தள்ளிப்போச்சு, தண்ணி சுடுது. சினை மீன் இன்னும் மேல ஏறல. அது வந்துட்டுப் போற வரைக்கும் எந்தக் கதவையும் மூட வேண்டாம்னு."

"எங்ககிட்ட அட்டவணை இருக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் சாப்பாட்டில் கையை வைத்தார்.

அட்டவணை எங்கள் அறைச் சுவரில் இருபது வருஷமாக ஒட்டியிருக்கிறது. டர்பைனுக்கு அடியில், தண்ணீர் ஆற்றுக்குப் போக ஒரு குழாய் உண்டு. பேருந்தே நுழையும் அகலம். பழுது பார்க்க டர்பைனை நிறுத்தினால், மேலே போக வழி தேடும் மீன்கள் அதற்குள் வந்துவிடும். அதனால் அவை ஏறும் பருவத்தில் ஆற்றுப்பக்கக் கதவை இறக்கும் முன் உள்ளே காற்றை அடித்து விரட்டுவோம். அரை நாள் வேலை. இந்த முறை பழுதுக்காக டர்பைனை நிறுத்தியபோது, அட்டவணைப்படி பருவம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நான் காற்றடிக்கவில்லை. கதவை இறக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை, இடுப்பளவுக்குத் தண்ணீரை இறைத்த பிறகு, ஆள் இறங்கும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். குழாய் முழுக்க மீன். கை நீளத்துக்கு ஒவ்வொன்றும், வயிறு புடைத்து. எல்லாம் வாயை மேலே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

கதவைத் தூக்கினால் தானாக வெளியே போகும். ஆனால் கிரேன் மோட்டார் கதவை இறக்கியதோடு கருகிவிட்டது, சரிசெய்ய இரண்டு நாள் ஆகும். மேலேயிருந்து தண்ணீர் விடலாம் என்றால், இந்த வெயிலில் அணையின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. மதியத்துக்குள் எல்லாம் செத்துவிடும். எங்களிடம் ஆறு பேர், அறுபத்து நான்கு படிகள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அவ சொன்னதுதான் சரி. நான் தப்புப் பண்ணிட்டேன். மீனெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. ஆளுங்களோட வரச் சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"என் போனை எடுக்க மாட்டா."

"சரி, மெதுவா சொல்லு. எழுதிக்கறேன்" என்றார் மனிதர்.

முக்கால் மணி நேரத்தில் படகுக்காரர்கள் பதினான்கு பேரோடு வந்தாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் அண்ணனும். மூடி வழியே எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அண்ணா, அவங்க ஆளுங்க வச்சிருக்கற அந்த வலையைத் தூக்கி எறியச் சொல்லுங்க. வலை பட்டா செதில் உரிஞ்சிடும். துணி வேணும். நனைச்ச துணி, நிறைய."

அவர் கடைக்கு ஓடினார். அங்கே நிறைய இருந்தது ஒன்றுதான், பள்ளிச் சீருடைக்கு வந்திருந்த நீலத் துணி. பள்ளி திறக்கப் பத்து நாள். அதைக் கிழித்துத் தொட்டில் தொட்டிலாக முடிந்து கொண்டுவந்தார்.

நானும் அவளும் உள்ளே இறங்கினோம். அவள் மீனின் வயிற்றடியில் கை கொடுத்து ஏந்துவாள், நான் துணியை விரிப்பேன். இரண்டிரண்டு பேராகப் படியேற்றினார்கள். மேலே, எங்கள் நிலையத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டி லாரி நின்றது. எங்கள் வெல்டர் தன் ஆக்சிஜன் சிலிண்டரின் குழாயை அந்தத் தொட்டிக்குள் விட்டு, "தினம் இரும்புதான் வெட்டறே, இன்னைக்கு நல்ல காரியம் பண்ணு" என்று சிலிண்டரைத் தட்டினார்.

அந்தப் பதினான்கு பேருக்கும் அந்த மீன்கள் அரை வருஷப் பிழைப்பு. ஒருத்தர்கூட ஒரு மீனையும் விலை பார்க்கும் கண்ணால் பார்க்கவில்லை. அவர்களுக்கு நான் எந்த ஜென்மத்தில் நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

லாரி நிறைந்ததும் டிரைவர், "அணைக்குக் கீழதானே விடணும்?" என்றார். விதி அதுதான்.

"அண்ணி" என்றாள் அவள்.

என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"அண்ணி, அதுங்க மேல போகத்தான் வந்திருக்கு. கீழ விட்டா மறுபடி இந்தச் சுவத்துலதான் வந்து முட்டும். அணையைத் தாண்டி, ஆறு வந்து சேர்ற இடத்துல விடலாமா?"

எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. "ஏறு வண்டியில" என்றேன்.

நான்கு நடை போனோம். பதினொரு மீன்கள் செத்துப்போயின. அதைத் தவறாமல் அறிக்கையில் எழுதினேன்; காற்றடிக்காதது என் தவறு, மேலே விட்டது என் முடிவு என்றும் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தானே, வாங்கி வைத்துக்கொண்டேன். சுவரிலிருந்த அட்டவணையில், தேதிக்குப் பக்கத்தில் பேனாவால், 'நாத்தனாரைக் கேட்கவும்' என்று எழுதி அவள் நம்பரையும் போட்டேன். மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இது எந்தத் துறை?" என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், வீட்டுக்காரர் கடையில் பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புதுத் துணி வாங்கித்தான் சீருடைகளை முடித்தார். பாதிப் பிள்ளைகளுக்குத் தாமதம், முழுத் திட்டு அவருக்கு. போன் அடித்தது. அவர் கத்தரியை வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். அடித்தது என்னுடையது.

"அண்ணி, அன்னைக்கு விட்டோமே, அங்கதான் நிக்கறேன். கரையோரமெல்லாம் குஞ்சு. கால் வைக்க இடமில்ல அண்ணி. நான் தண்ணியிலயே இறங்கல."

"நல்லாருப்பே" என்று மட்டும் சொன்னேன்.

"சரி, வைக்கறேன். அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

எதிரே அவர் இன்னும் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னேன்.