குடைமிளகாயின் இடது பக்கம்

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு, மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே பிரிவுத் தலைவரான டாக்டரின் மேசைமேல் ஒரு படக் கண்காட்சியின் அழைப்பிதழ் இருந்தது. அட்டையில் ஒரு குடைமிளகாயின் எக்ஸ்ரே.

"இது நீ எடுத்ததா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார்" என்றாள் எதிரே இருந்தவள்.

"எங்க எடுத்தே?"

அவள் கண் அக்காவிடம் போயிற்று. அதே பிரிவில் கோப்புகளைப் பார்ப்பவள் அக்கா. பதினொரு வருஷத்துக்கு முன் கெஞ்சிக் கூத்தாடி இவளை எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். இப்போது டாக்டரின் பக்கத்து நாற்காலியில், மடியில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"வெளியில சார். பழைய மெஷின் ஒண்ணு கிடைச்சுது" என்று அளந்துவிட்டாள் தங்கை.

டாக்டர் அட்டையை அவள் பக்கம் தள்ளினார். "மூலையில என்னம்மா இருக்கு?"

பார்த்தாள்.

உடம்பின் எந்தப் பக்கம் என்று தெரிய, எக்ஸ்ரே எடுக்கும்போது ஓரத்தில் ஈயத்தால் ஆன எழுத்து ஒன்றை வைப்பார்கள். இடதுக்கு எல், வலதுக்கு ஆர். அதன் கீழே எடுத்தவரின் எண். அவளுடையது ஏழு. பதினொரு வருஷத்தில் கை தானாக வைத்துவிடும், கண்ணும் அதைக் கவனிப்பதை விட்டுவிட்டது. குடைமிளகாயின் ஓரத்திலும் எல், அடியில் ஏழு, வெள்ளை வெளேரென்று.

"குடைமிளகாய்க்கு இடது கையில அடியா? எங்கேயாவது வழுக்கி விழுந்துடுச்சா?" என்றார் டாக்டர்.

அக்கா சிரித்தாள். அதுதான் சுட்டது.

"இங்கதான் சார், சாப்பாட்டு நேரத்துல எடுத்தேன். யாரும் காத்துக்கிட்டிருக்கல. ஆனா அந்த ஏழு நான்தான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"நான்தான். ஃபைல் பாக்கறவளுக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. "சார், இவளுக்கு ஆசை ஒண்ணா ரெண்டா? ஒரு வருஷம் வயலின். அப்புறம் பொம்மலாட்டம். நாடகம் எழுதறேன்னு ஒரு மூட்டை பேப்பர். இப்ப காய்கறிக்கு வைத்தியம். எதையாவது முழுசா முடிச்சாளான்னு கேளுங்க."

"இதை முடிச்சிருக்கேன்க்கா. ஆறு படம்."

"என் மானத்தையும் சேர்த்து முடிச்சே."

மடியிலிருந்த தாளை அக்கா மேசையில் வைத்தாள். அவளே தட்டச்சு செய்தது. கண்காட்சியிலிருந்து படங்களை எடுத்துவிடுகிறேன், இனி மருத்துவமனை வேலையைத் தவிர எந்தக் கலை முயற்சியிலும் ஈடுபட மாட்டேன் என்று இருந்தது. அடியில் கையெழுத்துக்குக் கோடு.

"மெஷினை இதுக்குத் தொட மாட்டேன்னு எழுதுங்க, போட்டுத் தரேன். வயலின் உங்களை என்ன பண்ணுச்சு?"

"பேரம் பேசற இடமில்ல இது," என்றார் டாக்டர். "கையெழுத்து இல்லேன்னா வேலை இல்ல."

"போடுடி," என்று பல்லைக் கடித்தாள் அக்கா. "உனக்காக எத்தனை பேர் கால்ல விழுந்திருக்கேன்."

"நீ விழுந்தது போதும்க்கா."

அவள் தன் வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஈய எழுத்துகள் இரண்டையும் எடுத்தாள். எல், ஆர் இரண்டையும் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் அருகருகே வைத்தாள். போட்டிருந்த கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

அன்று பிற்பகல் அவள் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். ஏப்ரலில் ஏழாம் எண் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. கண்காட்சி அறிவித்த நாளில் திறந்தது. ஆறு படங்களும் சுவரில் இருந்தன. அக்கா வரவில்லை.