டூலிக்கும் வெண்டலுக்கும் நடுவில் பன்னிரண்டு தப்படி

1

ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டியது. மூன்று மாதமாக முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அரிசோனாவின் மே மாத வெயில் நாய்க்குக்கூட ஆகாது." அடித்துவிட்டேன். ஒரு நாய் செத்த கதையை இப்படி ஆரம்பிக்கிறவன் கை விளங்காமல் போகட்டும்.

(நாய் சாகப்போகிறது என்று உளறிவிட்டேன். போகட்டும். கடைசி வரை ஒளித்து வைத்து உங்களைப் பதற வைக்க எனக்கு மனசில்லை.)

2

லோர்னாவுக்கு அறுபத்தெட்டு வயது. நெப்ராஸ்காவில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வீட்டை விற்று, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டுவண்டி ஒன்றை வாங்கி, டூலி என்கிற நாயோடு, இப்படிப்பட்ட வண்டிகளுக்கு இடம் வாடகைக்கு விடும் முகாம்களில் மாறி மாறித் தங்கிக்கொண்டிருந்தாள். இந்த அரிசோனா முகாமில் அவளுக்குப் பதினான்காம் எண் இடம்.

வெண்டலும் அப்படி ஒரு வண்டிக்காரன்தான். முதல் பிரதியில் அவனை முப்பத்தொன்றாம் இடத்தில் நிறுத்தியிருந்தேன். முகாமின் மறுகோடி அது. அங்கே நாய் குரைப்பது கேட்காது. எனக்கு அது வசதி. இரண்டாம் பிரதியில் இருபதுக்கு நகர்த்தினேன். இப்போது பதினைந்தில் நிற்கிறான். அவன் கதவிலிருந்து லோர்னாவின் வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் கம்பத்துக்குப் பன்னிரண்டு தப்படி.

3

வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு நாயை எங்கே அடைப்பது என்பது தீராத தலைவலி. கயிற்றில் கட்டினால் மேசைக்காலைச் சுற்றிக்கொள்ளும். கயோட்டி நரி வந்தால் ஓட வழியில்லை. மடக்குக் கம்பிவேலி போட்டால் பாலைவனக் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். முளையடித்து நிறுத்த வேண்டும். வண்டிக்குள் விட்டால் ஏ.சி. ஓட வேண்டும். அதற்குக் கம்பத்தில் மின்சாரம் இருக்க வேண்டும்.*

* எல்லா வண்டியும் ஏ.சி. போடும் மதியத்தில் கம்பத்திலுள்ள சுவிட்ச் சில சமயம் தானாக விழுந்துவிடும். மேலே தள்ளினால் போதும். சுவிட்ச் இருக்கும் பெட்டிக்குப் பூட்டு கிடையாது.

லோர்னா கம்பிவேலிதான் போட்டாள். முளைகளை அவளே அடித்தாள். மேலே நிழலுக்கு வலைத்துணி கட்டினாள். டூலி அதற்குள் ராஜா மாதிரி உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களையெல்லாம் அதட்டினான்.

"உங்க நாய்க்கு மூச்சு விடவே நேரமில்ல போலிருக்கே," என்றான் வெண்டல்.

"உங்களப் பாத்தாத்தான் குரைக்கிறான். முகத்தக் கொஞ்சம் மாத்திப் பாருங்களேன்."

"எழுபது வருஷமா இதே முகந்தான். இதுவரைக்கும் யாரும் குரைச்சதில்ல."

"முதுகுக்குப் பின்னாடி குரைச்சிருப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு வெண்டல் நேராக முகாம் பொறுப்பாளர் டுவேனிடம் போனான்.

"நாய்னா குரைக்கத்தானய்யா செய்யும், வெண்டல்."

"வாசல்ல விதின்னு ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கியே, அது என்ன அலங்காரத்துக்கா?"

டுவேன் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு சீட்டு எழுதி லோர்னாவின் கதவில் செருகினான். இன்னொரு புகார் வந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டிவரும் என்று அதில் இருந்தது.

[இங்கே வெண்டலை நல்லவனாக்க ஒரு பத்தி எழுதினேன். முதுகுவலி, தூக்கமில்லாத இரவுகள், ஃபோனை எடுக்காத மகள், அதனால்தான் அவன் — வேண்டாம். எல்லாம் உண்மை. இருந்தாலும் வேண்டாம்.]

4

வியாழக்கிழமை லோர்னாவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. பல் மருத்துவர் நாற்பது மைல் தள்ளி. வேலிக்குள் விட்டுப் போனால் டூலி குரைப்பான். சீட்டு இன்னும் அவள் சட்டைப்பையில் இருந்தது. அதனால் அவனை வண்டிக்குள் விட்டு, ஏ.சி.யைப் போட்டு, சத்தம் வெளியே வராதபடி ஜன்னல்களை ஒவ்வொன்றாக இறுக்கிச் சாத்தினாள்.

"இன்னிக்கு நிம்மதியா இருங்க வெண்டல். ஒரு மணி நேரத்துல வந்துடறேன்," என்று கையாட்டிவிட்டுத் வீட்டுவண்டியை இழுக்கும் தன் பிக்கப் டிரக்கில் கிளம்பினாள்.

பல் உடைந்து வேர் மாட்டிக்கொண்டது. திரும்பி வர நான்கு மணி நேரம் ஆயிற்று.

 வண்டிக்குள் சூடு ஏறினால் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும் கருவி அவளிடம் இருந்தது. அது அனுப்பியது. ஃபோன் கைப்பையில் இருந்தது, கைப்பை மருத்துவமனை ஆணியில் தொங்கியது.

5

முந்தைய பிரதிகளில் இந்த இடத்தில் "வெண்டல் தூங்கிக்கொண்டிருந்தான்" என்று எழுதியிருந்தேன். தூங்கவில்லை. பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஏ.சி.யின் இரைச்சல் நின்றது அவனுக்குக் கேட்டது. வருடக்கணக்காக வண்டியில் வாழ்கிறவனுக்கு அது கேட்காமல் போகாது, கம்பத்து சுவிட்ச் விழுந்துவிட்டது என்று புரியாமலும் போகாது. பிறகு டூலி குரைத்தான். அது அவனுடைய வழக்கமான அதட்டல் இல்லை.

வெண்டல் எழுந்து கதவு வரை போனான். அடுத்தவர் இடத்தில் கேட்காமல் கால் வைப்பதில்லை, அடுத்தவர் கம்பத்தில் கை வைப்பதில்லை. முகாம்களில் இது எழுதாத சட்டம். வசதியாக அது ஞாபகம் வந்தது. டுவேனைக் கூப்பிடலாம் என்று நினைத்தான். மறுபடியும் நாய்ப் புகாரா என்று அவன் கேலி செய்வான். அவள்தான் ஒரு மணி நேரம் என்றாளே, இதோ வந்துவிடுவாள். திரும்பி வந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

வெகுநேரம் கழித்துக் குரைப்பு நின்றது.

"அப்பாடா," என்றான்.

இந்த "அப்பாடா"வை ஐந்து முறை அடித்தேன். ஐந்து முறையும் திரும்ப எழுதினேன். வெண்டல் என்று யாரும் இல்லை. பதினைந்தாம் இடத்தில் நின்றது என் வண்டி.

6

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் பன்னிரண்டு தப்படி நடந்து சுவிட்சை மேலே தள்ளுகிறேன். லோர்னா வந்து என்னைத் திட்டுகிறாள், "என் கம்பத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்று. அந்தத் திட்டை மட்டும் நாலு பக்கம் எழுதினேன். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

நடந்தது வேறு. அவள் டூலியை வெளியே தூக்கி வந்து வேலிக்குள் நிழலில் கிடத்தினாள். தானும் உள்ளே போய் வேலிக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் பஞ்சு, மோவாயில் கொஞ்சம் ரத்தம். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க இங்கதான இருந்தீங்க? குரைச்சானா? இல்ல, தூக்கத்துலயே போயிட்டானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் டுவேன் ஓடி வந்தான். மறுநாள் விடிந்தபோது பதினான்காம் இடம் காலி. வேலியை அவள் கழற்றவில்லை. அது இன்னும் அங்கேயே நிற்கிறது.

இல்லை என்று சொன்னால் அவள் இனியாவது தூங்குவாள். நானும் தப்பித்துக்கொள்வேன். ஆமாம் என்றால் அவன் கடைசி வரை கூப்பிட்டதை அவள் ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள்மேல் இரக்கப்பட்டுத்தான் பொய் சொல்ல நினைக்கிறேனா, என் தோலைக் காப்பாற்றவா என்று எனக்கே தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவள் ஃபோன் நம்பர் டுவேனிடம் இருக்கிறது. கேட்டால் தருவான். டூலி குரைத்தது இப்போது உங்களுக்கும் தெரியும். அவளிடம் என்ன சொல்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். இந்த முறையாவது யாராவது கதவைத் தாண்டிப் போகட்டும்.