செங்கல் சூடு

நனைத்த துண்டை நெற்றியில் போட்ட சற்று நேரத்திலேயே அது வெதுவெதுப்பாகிவிட்டது. அவள் எடுத்துப் பிழிந்து மறுபடியும் நனைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பேக்கரிக்காரர் கண்ணைத் திறக்காமலே, "விடு முதலாளியம்மா, துண்டு வெந்துடப் போகுது" என்றார். அவள் கல்லாவில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

டாக்டர் வந்து வயிற்றின் வலப்பக்கம் அழுத்திப் பார்த்தார். பேக்கரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"காய்ச்சல் எப்ப இருந்தும்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்துதான் டாக்டர்."

நேற்றைய பன்னை இன்றைக்குச் சுட்டது என்று ஒருநாளும் விற்காத மனிதர். தனக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லவும் பயமாக இருந்தது. துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

அன்று காய்ச்சலுக்கு ஆறாவது நாள்.

போன வருடம் அவர் ஈரலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தோல் வழியாக ஊசியை உள்ளே செலுத்தி, ரேடியோ அலையால் அதன் முனையைச் சுற்றிச் சூடேற்றி, கட்டியை மட்டும் சுட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் அடித்தது. "நம்ம பேக்கரி அடுப்ப அணைச்சாலும் செங்கல்ல சூடு நிக்கும்ல? அதுதான் இறங்குது" என்று அவரே சிரித்தார். சொன்னபடியே இறங்கியது.

இந்த முறை பக்கத்தில் முளைத்த இன்னொன்றைச் சுட்டார்கள். அனுப்பும்போது டாக்டர், லேசாகக் காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம், ஆனால் குளிர் நடுக்கினாலோ நாள் நீண்டாலோ உடனே வந்துவிடுங்கள் என்றார். அவள் முன்பாதியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

காய்ச்சலின் நாலாம் நாள், போர்வைக்குள் நடுங்கியபடி அவர் கேட்டார்.

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுப் பாப்பமா?"

"செங்கல் சூடுங்க. இந்தத் தடவ கட்டி பெருசுல்ல. இறங்க நாளாகத்தான் செய்யும்."

அவருடைய பேச்சையே அவருக்குத் திருப்பிச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார். தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சுட்ட இடத்தில் சீழ் கோத்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். குழாய் போட்டுச் சீழை எடுத்தார்கள். சாயங்காலம் பிரஷர் இறங்கியது. பிறகு ஏறவேயில்லை. வெளியூரிலிருந்து மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மாவும் மகளும் கடையைத் திறந்தார்கள். சேதி வந்ததும் வேலையாட்கள் போட்டது போட்டபடி ஓடியிருந்தார்கள். பிசைந்த மாவு பேசினில் புளித்து வழிந்து காய்ந்திருந்தது. மகள் அதைச் சுரண்டத் தொடங்கினாள்.

"அந்த ஆஸ்பத்திரிய சும்மா விடக்கூடாதும்மா. ஒரு நாள் காய்ச்சல்ல ஆள் போவாங்களா? அந்த டாக்டர் மேல புகார் குடுக்கப் போறேன்."

"பாப்பா, அத வை."

மகள் நிமிர்ந்தாள்.

"ஆறு நாளா காய்ச்சல். போன் போடலாம்னு உங்கப்பா கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். அவரு எனக்காக டாக்டர்கிட்ட மாத்திச் சொன்னாரு."

மகள் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

அம்மா அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தாள். உள்ளே தணல் இல்லை. சாம்பல் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கையை நீட்டிச் செங்கல்லின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மகள் உள்ளே வந்தாள். அம்மாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.

"இன்னும் சூடு இருக்கும்மா" என்றாள்.