ஏழாயிரம் அடியில் பத்து நிமிடம்

சுகிர்தா சிறு விமானத்தை வாகைக்குளம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டுப் பயிற்சிக் கழக அறைக்குள் நுழைந்தபோது, பயிற்சியாளர் தில்லைநாயகம் தொலைபேசியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். மேசையில் அவளுடைய பறப்புப் பதிவேடு திறந்திருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் நாளை தனியாகத் திருச்சி வரை போகலாம். உரிமத் தேர்வுக்கு அது ஒன்றுதான் பாக்கி.

“ரேடார்ல இருந்து பேசுதாங்க. அம்பாசமுத்திரம் பக்கம் நீ தெரியவே இல்லையாம். நாங்குநேரி கிட்ட திடீர்னு முளைச்சியாம். ஒன் உயரம் தெரியாம, சென்னை விமானத்தை இறங்க விடாம மேலேயே சுத்த வச்சிருக்காங்க.” அவர் சிரித்தார். “மலை மறைச்சிருக்கும்னு சொல்லிட்டேன். இங்கன எல்லாருக்கும் அதான சாக்கு.”

வாசலில் நின்ற மெக்கானிக் ஆவுடைநாயகம் சிரிக்கவில்லை. “ஏழாயிரம் அடியில மலை எங்கன சார் மறைக்கும்? போன வாரம் டிரான்ஸ்பாண்டர்ல நான் பத்த வச்ச இடந்தான் விட்டிருக்கும். கழத்திப் பாக்கேன்.” குரல் இறங்கியது. “இப்பல்லாம் கை நடுங்குது. நாந்தான் ஒத்துக்கிட மாட்டேங்கேன்.”

டிரான்ஸ்பாண்டர் பெட்டியில் பழுதில்லை. தரையில் ஓடும்போது அதன் குமிழ் ‘ஸ்டாண்ட்பை’யில் இருக்கவேண்டும்; ஓடுபாதைக்குள் நுழைந்ததும் ‘ஆன்’ பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் விமானம் தன் அடையாள எண்ணையும் உயரத்தையும் ரேடாருக்குச் சொல்லும். இன்று அவள் திருப்பவில்லை.

மறந்துதான் போனாள். ஆனால் அம்பாசமுத்திரத்துக்கு மேலே வந்தபோது பெட்டியின் சிறுவிளக்கு மினுக்காததைப் பார்த்துவிட்டாள். கீழே வயல்களுக்கு நடுவே ஆறு. அவள் பிறந்து வளர்ந்த அந்த ஊரில் அவள் எந்தப் பேருந்தில் ஏறினாள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்பது அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். இருபத்துநான்கு வருடங்களில் முதல்முறையாக, அவள் இருக்குமிடம் யாருக்கும் தெரியவில்லை. குமிழை நோக்கிப் போன கை மடிக்குத் திரும்பியது. தோள்கள் தளர்ந்தன. நாங்குநேரியின் கோபுரம் தெரியும்வரை அப்படியே பறந்தாள்; பிறகுதான் குமிழைத் திருப்பினாள். அதே வானத்தில் வேறு ஆட்கள் இருப்பார்கள் என்று நினைக்கக்கூட இல்லை.

ஆவுடைநாயகம் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

“கழத்த வேண்டாம் அண்ணாச்சி. நான் ஆன் பண்ணல.”

தில்லைநாயகம் பேனாவை எடுத்தார். “மறந்துட்டியாக்கும். இனிமே செக்லிஸ்டை வாய்விட்டுப் படி.”

தலையாட்டினால் போதும். பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது.

“மொதல்ல மறந்தேன் சார். அப்புறம் பாத்தேன். பாத்துட்டும் பத்து நிமிஷம் விட்டுட்டேன்.”

“வேணும்னேவா?”

“ஆமா சார்.”

அவர் பேனாவை மூடினார். “மறந்திருந்தா நாளைக்கே அனுப்பிருப்பேன். ஒரு மாசம் பறக்க வேண்டாம். பெறகு என்கூட ரெண்டு தடவ வா. தனியா விடுததா வேண்டாமான்னு அப்ப சொல்லுதேன்.”

“சரி சார்.”

வெளியே வந்ததும் ஆவுடைநாயகம் கேட்டார். “ஏம்மா, மலைன்னே விட்டிருக்கலாம்லா?”

“பெட்டியவா? கை நடுங்குதுன்னு ஒங்களத்தான கழத்தப் பாத்திய அண்ணாச்சி.”

அவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டவர்போல் விமானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.